ஆவணங்களில் எழுத்துப்பிழை திருத்தம்: பட்டியலா, அகராதியா, வாசிப்பா?

திறமூல மென்பொருளின் ஆவணங்களில் எழுத்துப்பிழை திருத்த முற்படுபவருக்கு மூன்று வழிகள் உண்டு. வழக்கமான பிழைகளின் பட்டியலை வைத்துத் தேடும் கோட்ஸ்பெல், டைப்போஸ் போன்ற கருவிகள் முதல் வகை. அகராதியில் இல்லாத சொல்லையெல்லாம் ஐயத்துக்குரியதாகக் கொள்ளும் ஹன்ஸ்பெல், சிஸ்பெல் போன்றவை இரண்டாம் வகை. கருவி எதுவுமின்றி ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து வாசிப்பது மூன்றாவது. எந்த வழி அதிகப் பிழைகளைப் பிடிக்கிறது என்று கேட்பதைவிட, பிடித்ததைச் சரிபார்க்கும் வேலை யார் தலையில் விழுகிறது என்று கேட்பதே பொருத்தம் என்பது என் கருத்து. திருத்தத்தை அனுப்பச் சில நிமிடங்கள் போதும். அதை ஏற்கும் பராமரிப்பாளரோ ஒவ்வொரு வரியையும் பார்த்தாக வேண்டும்.

பட்டியல் கருவிகளின் வலிமை அவற்றின் அடக்கத்தில் இருக்கிறது. ஒரு சொல் சரியானதா என்று அவை ஆராய்வதில்லை; இந்தச் சொல்லை இப்படித் தவறாக எழுதுவார்கள் என்று முன்பே பதிந்துவைத்த இணைகளை மட்டுமே தேடுகின்றன. ஆகவே ஆட்பெயர்களும் நிரல்களில் புனைந்த பெயர்களும் பெரும்பாலும் தொந்தரவின்றித் தப்பிவிடுகின்றன. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் களஞ்சியத்திலேயே (நிரல்களைச் சேமித்துவைக்கும் இடத்திலேயே) இத்தகைய பட்டியல் ஒன்று உண்டு. பிழையும் திருத்தமும் இரு செங்குத்துக் கோடுகளால் பிரிக்கப்பட்டு, வரிக்கு ஓர் இணையாக அதில் இருக்கும், பிறர் அனுப்பும் மாற்றங்களான பேட்ச்களைச் சோதிக்கும் நிரல் அதைப் பயன்படுத்தும். பைத்தான் நிரல்மொழியில் எழுதப்பட்ட கோட்ஸ்பெல், ஒரு பிழைக்கு இரண்டு திருத்தங்கள் பொருந்தக்கூடும் எனில் தானாக எதையும் மாற்றாமல் முடிவை மனிதரிடமே விட்டுவிடுகிறது. ரஸ்ட் நிரல்மொழியில் எழுதப்பட்ட டைப்போஸ், நிரலில் மதிப்புகளைக் குறிக்கும் மாறிகளுக்கு ஒட்டி எழுதிய பெயர்களையும் சொல் சொல்லாகப் பிரித்துப் பார்க்கிறது; வேகமும் அதிகம். பட்டியலில் இல்லாத பிழை இவற்றின் கண்ணில் படவே படாது என்பது உண்மைதான். அந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளலாம்.

அகராதிக் கருவிகளின் நிலை நேர்மாறானது. அகராதியில் இல்லாத எந்தப் புதுப் பிழையும் இவற்றுக்குத் தப்பாது, ஆனால் கட்டளைகள், கோப்புப் பெயர்கள், சுருக்கக் குறிகள் என எல்லாமே பிழையாகத் தெரியும். மென்பொருள் துறைச் சொற்களைத் தன்னுடனேயே கொண்டுவரும் சிஸ்பெல்லுக்கும்கூட ஒவ்வொரு திட்டமும் தனக்கெனச் சொற்பட்டியல் ஒன்றைப் பராமரித்தாக வேண்டும். அதில் யாராவது அவசரத்தில் ஒரு பிழையைச் சேர்த்துவிட்டால் அந்தப் பிழைக்கு நிரந்தர அனுமதி கிடைத்துவிடும். ஆங்கிலம் அல்லாத மொழி என்றால் கதை மாறும். ஹங்கேரிய மொழிக்கென உருவாகிய ஹன்ஸ்பெல், வேர்ச்சொல்லையும் ஒட்டுகளையும் தனித்தனியே வைத்துச் சேர்த்துப் பார்க்கிறது. வேற்றுமை உருபும் சந்தியும் சேர்ந்து ஒரே பெயர்ச்சொல்லுக்குப் பல வடிவங்கள் தரும் தமிழ் போன்ற மொழியில் பிழைப் பட்டியல் போட்டு முடியாது. விதி சார்ந்த இந்த வழிதான் ஓரளவேனும் கைகொடுக்கும்.

இவ்விரண்டும் காணாததை வாசிப்பவர் காண்கிறார். ஆங்கிலத்தில் ‘ஃப்ரம்’ என்று எழுத நினைத்து ‘ஃபார்ம்’ என்று எழுதிவிட்டால் இரண்டும் சரியான சொற்களே. ‘செய்யக்கூடாது’ என்று இருக்கவேண்டிய வாக்கியத்தில் எதிர்மறைச் சொல் விடுபட்டால், எழுத்துப்பிழை ஒன்றுமில்லாமலேயே பயனரின் தரவு அழிந்துபோகலாம். மறுபக்கம், பிழையாகத் தெரிவதைத் திருத்தக்கூடாத இடங்களும் உண்டு. இணையப் பக்கங்களைப் பரிமாறும் நெறிமுறையான எச்டிடிபியின் 1.0 பதிப்புக்கு 1996-இல் வெளிவந்த ஆவணத்தில், பயனர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்று சொல்லும் ‘ரெஃபரர்’ என்ற தலைப்புப் புலத்தின் பெயர் ஓர் ‘ஆர்’ எழுத்து குறைந்தே பதிவானது. இன்றும் அப்படியேதான் இயங்குகிறது. யூனிக்ஸ் இயங்குதளத்தில் கோப்பை உருவாக்கும் ‘கிரியேட்’ அழைப்பும் கடைசி எழுத்து இல்லாமலே நிலைத்துவிட்டது. இவற்றை ஆவணத்தில் மட்டும் திருத்துபவர் ஆவணத்தைப் பொய்யாக்குகிறார்.

ஆகவே, புதிதாக வரும் மாற்றங்களைத் தானியங்கிச் சோதனையில் பட்டியல் கருவி பார்க்கட்டும்; பழைய பக்கங்களை ஒவ்வொரு அத்தியாயமாக மனிதர் வாசிக்கட்டும் என்பதே என் தேர்வு. ஆங்கில ஆவணங்களுக்கு அகராதிக் கருவியை எழுதுபவரின் எடிட்டருக்குள் வைத்துக்கொள்ளலாம்; பிறர் அனுப்பும் பேட்சைத் தடுத்து நிறுத்தும் அதிகாரத்தை அதற்குத் தருவது நல்லதல்ல.

திருத்தங்களை ஒன்றொன்றாக அனுப்புவதா, மொத்தமாகவா என்பது அடுத்த கேள்வி. ஒரு காற்புள்ளிக்கு ஒரு புல் ரெக்வெஸ்ட் (மாற்றத்தை ஏற்கக் கோரும் விண்ணப்பம்) என்று அனுப்புவது பராமரிப்பாளரைச் சலிப்படைய வைக்கும். 2020-ஆம் ஆண்டு, திறமூலத்துக்குப் பங்களிப்போருக்கு டி-சட்டை பரிசளித்த ஹேக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில் அதற்காகக் குவிந்த அற்ப மாற்றங்களால், விரும்பிச் சேரும் களஞ்சியங்கள் மட்டுமே கணக்கில் வரும் என்று அக்டோபர் தொடக்கத்திலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று. நூறு கோப்புகளை ஒரே கமிட்டில் (ஒரே பதிவாக) மாற்றுவதோ, எந்த வரியை யார் எப்போது மாற்றினார் என்று கிட் என்ற பதிப்புக் கருவியின் பிளேம் கட்டளை காட்டும் வரலாற்றை மறைத்துவிடும். 2019-இல் வந்த கிட் 2.23 முதல் அத்தகைய கமிட்டுகளைப் புறக்கணிக்கச் சொல்ல வழி இருந்தாலும், அத்தியாயத்துக்கு ஒன்று என்ற நடுவழியே வாசிக்கவும் திருப்பி எடுக்கவும் எளிது.

மொழிபெயர்ப்புகள் உள்ள திட்டத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. மென்பொருள்களை மொழிபெயர்க்கப் பயன்படும் கெட்டெக்ஸ்ட் முறையில் ஆங்கில மூல வாக்கியமே மொழிபெயர்ப்பைத் தேடும் சாவி. அதில் ஓர் எழுத்து மாறினாலும் அதற்கான மொழிபெயர்ப்புகள் எல்லாம் ஐயத்துக்குரியவை என்று குறிக்கப்படும். குறியை நீக்காமல் தொகுத்தால் அந்த இடத்தில் பயனருக்கு ஆங்கிலமே தெரியும். பொருள் மாறாத வெறும் எழுத்துத் திருத்தம் என்றால், மொழிபெயர்ப்புகள் இருக்கும் எல்லா மொழிகளின் பீஓ கோப்புகளிலும் மூல வாக்கியத்தை அதே பேட்சிலேயே மாற்றிவிட வேண்டும். பொருளையே தொடும் திருத்தம் என்றால் அந்தக் குறியை மொழிபெயர்ப்பாளர் பார்க்கும்படி விட்டுவைக்க வேண்டும்.