முதலாண்டு மாணவர் கையில் முதலில் எது: ஆர்டுயினோ பெட்டியா, உதிரிப் பாகமா?

பொறியியலில் எந்தப் பிரிவில் சேர்ந்தாலும், முதலாண்டில் மின்னியல், மின்னணுவியல் பக்கம் கொஞ்சமாவது எட்டிப் பார்த்தாக வேண்டும். பெங்களூருவில் நான் பாடம் எடுக்கும் கல்லூரியில் அந்த அறிமுக ஆய்வகத்தைப் புதிதாக அமைக்கும் பொறுப்பு எங்கள் துறைக்கு வந்தது. எதை வாங்குவது என்றதும் துறை இரண்டு கட்சியாகப் பிரிந்தது. ஒரு கட்சி கேட்டது ஆர்டுயினோ ஊனோ என்ற, புரோகிராம் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் போர்டும் சென்சார்களும் அடங்கிய பெட்டி. மறு கட்சி கேட்டது பற்றவைக்காமல் பாகங்களைத் துளையில் செருகி இணைக்கும் பிரெட்போர்டு, மல்டிமீட்டர், கை நிறைய உதிரிப் பாகங்கள். நான் மறு கட்சி. எங்கள் பக்கமே ஜெயித்தது. அதனால் இதை ஒரு கட்சிக்காரன் எழுதியதாகவே படியுங்கள்.

போட்டியில் வேறு இரண்டும் இருந்தன. பழைய டிரெய்னர் கிட் எல்லாக் கல்லூரியிலும் உண்டு: மேல்தகட்டில் சர்க்யூட் அச்சடித்திருக்கும், பேட்ச் கார்டால் ஒன்றையும் இரண்டையும் இணைத்தால் விடை வந்துவிடும். எரியாது, தொலையாது. மாணவர் எதையும் கட்டவும் மாட்டார். கணினியில் செய்யும் சிமுலேஷன், அதாவது டிங்கர்கேட், எல்.டி.ஸ்பைஸ் போன்றவை, இலவசம். வீட்டுப் பாடத்துக்கு நல்லது, நாங்களும் கொடுக்கிறோம். ஆனால் அங்கே 470 ஓம் என்றால் அட்சர சுத்தமாக 470 ஓம். கையில் எடுக்கும் தங்கப் பட்டை ரெசிஸ்டரோ 5 விழுக்காடு இப்படி அப்படி இருக்கலாம் என்று தன் மேலேயே எழுதி வைத்திருக்கிறது. அளந்து பார்த்து 462 வரும்போது மாணவர் முகத்தில் வரும் சந்தேகம் சிமுலேஷனில் வராது. இந்த இரண்டையும் இத்தோடு விடுகிறேன்.

ஆர்டுயினோவின் பலத்தைச் சொல்லாமல் போனால் அநியாயம். பெட்டியைப் பிரித்து முதல் வகுப்பு முடிவதற்குள் விளக்கு மினுக்கும், அடுத்த வாரம் மோட்டார் சுற்றும், செமஸ்டர் முடிவில் ஒரு புராஜெக்ட் நிற்கும். கம்ப்யூட்டர் சயன்ஸ் மாணவருக்கு அது சொந்த வீடு மாதிரி. பெற்றோர் வரும் நாளில் காட்சிக்கு வைக்கவும் அதுதான் எடுப்பு. எங்கள் துறையில் அதற்காக வாதாடியவர்கள் சோம்பேறிகளும் இல்லை. மாணவர் முதல் மாதத்திலேயே ஆர்வம் இழந்துவிட்டால் பிறகு எந்த ரெசிஸ்டரும் அவரைத் திரும்பக் கூட்டி வராது என்பது அவர்கள் கவலை. நியாயமான கவலைதான்.

ஆனால் அந்தப் போர்டு யாருக்காகப் பிறந்தது என்று பாருங்கள். இத்தாலியில் இவ்ரியா என்ற ஊரின் வடிவமைப்புக் கல்வி நிலையத்தில் 2005-ல் உருவானது அது. மின்னணுவியல் படிக்காத வடிவமைப்பு மாணவர்கள், அதைப் படிக்காமலேயே தங்கள் கற்பனையை அசைய வைக்கவேண்டும் என்பது நோக்கம். அந்த நோக்கத்தை அது அழகாக நிறைவேற்றுகிறது. உள்ளே நடப்பதை மறைப்பதே அதன் சிறப்பு. நாங்களோ உள்ளே நடப்பதைக் காட்டத்தான் சம்பளம் வாங்குகிறோம்.

ஒரே வேலையை இரண்டிலும் செய்து பாருங்கள்: விநாடிக்கு ஒருமுறை எல்.இ.டி. மினுக்க வேண்டும். ஆர்டுயினோவில் விளக்கை ஏற்றியபின் ஒருமுறை, அணைத்தபின் ஒருமுறை, ஐந்நூறு மில்லி விநாடி பொறு என்று இரண்டு வரி எழுதினால் முடிந்தது. ஏன் மினுக்குகிறது என்று கேட்டால், “நான் சொன்னேன், அது செய்யுது சார்” என்பார்கள். உதிரியில் இதற்கு 555 டைமர். ஹான்ஸ் காமென்சிண்ட் 1971-ல் வடிவமைத்து, மறு ஆண்டு சிக்னெட்டிக்ஸ் விற்பனைக்கு விட்ட சிப். இன்றும் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. 10 கிலோ ஓம், 68 கிலோ ஓம், 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் போட்டால் ஏறக்குறைய விநாடிக்கு ஒரு மினுக்கல். இப்போது கெபாசிட்டரைக் கழற்றிவிட்டு 100 மைக்ரோஃபாரட் போடச் சொல்கிறேன். மினுக்கல் பத்து விநாடிக்கு ஒன்றாக மந்தமாகிறது. மல்டிமீட்டரின் இரண்டு முனையையும் கெபாசிட்டரின் குறுக்கே வைத்தால், 9 வோல்ட் சப்ளையில் எண்கள் 3-லிருந்து மெல்ல 6 வரை ஏறுகின்றன, 6-ஐத் தொட்டதும் விளக்கு மாறுகிறது, மறுபடி 3-க்கு இறங்குகின்றன. சப்ளையில் மூன்றில் ஒரு பங்கு, மூன்றில் இரண்டு பங்கு. கரும்பலகையில் எத்தனை முறை எழுதினாலும் ஏறாத விஷயம், அந்த எண்கள் ஊர்வதைப் பார்த்ததும் ஏறிவிடுகிறது.

இது வரைக்கும் சொன்னதை எதிர்க்கட்சியும் ஒப்புக்கொள்ளும். என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது வேறு ஒன்று: பொருள் கெட்டுப்போனால் என்ன ஆகிறது.

முதலாண்டு ஆய்வகத்தில் பொருள் கெடும். கெடத்தான் வேண்டும். எல்.இ.டி.யைத் திருப்பிப் போடுவார்கள், கெபாசிட்டரின் பிளஸ் மைனஸ் மாற்றுவார்கள், பி.சி. 547 டிரான்சிஸ்டரின் கால் வரிசையை நெட்டில் வேறொரு டிரான்சிஸ்டர் படம் பார்த்துப் போடுவார்கள். தட்டையான முகம் நம்மைப் பார்க்க வைத்தால் 547-க்கு இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2 என் 3904-க்கு அப்படியே தலைகீழ். கேள்வி, கெட்டபின் அது எந்த நிலையில் நிற்கிறது என்பதுதான்.

உதிரிப் பாகம் பெரும்பாலும் முழுதாகச் செத்துவிடும். ரெசிஸ்டர் கருகி நாறும். எல்.இ.டி. அணைந்தால் அணைந்ததுதான். 555 சந்தேகமாக இருந்தால் பிடுங்கிவிட்டு வேறொன்றைச் செருகினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். செத்தது குப்பைக்கூடைக்குப் போகும். அடுத்த மாணவர் கைக்கு அது போகாது.

ஆர்டுயினோ அப்படிச் சாவதில்லை. அதன் நடுவில் இருக்கும் ஏ.டி.மெகா 328பி சிப்பின் ஒரு பின்னில், அதாவது ஒயர் இணைக்கும் ஒரு காலில், 40 மில்லி ஆம்பியர்தான் உச்ச வரம்பு, 20-க்குள் வைத்துக்கொள்வதே நல்லது. மாணவர் அவுட்புட்டாக உயர்த்தி வைத்த பின்னை ஜம்பர் ஒயரால் நேராக கிரவுண்டில் தொட்டுவிடுகிறார். யூ.எஸ்.பி. பக்கம் ஒரு மீளும் ஃபியூஸ் இருக்கிறது, அது 500 மில்லி ஆம்பியரில்தான் விழிக்கும். அது கணினியைக் காக்க வைத்தது, பின்னைக் காக்க அல்ல. ஆக அந்த ஒரு பின் மட்டும் போகிறது. போர்டில் பச்சை விளக்கு எரிகிறது, புரோகிராம் ஏறுகிறது, மற்றப் பின்களெல்லாம் வேலை செய்கின்றன. பெட்டி அலமாரிக்குத் திரும்புகிறது.

அடுத்த செமஸ்டரில் ஓசூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் ஒரு பெண் அந்தப் பெட்டியைப் பிரிக்கிறாள். புரோகிராம் சரி, இணைப்பு சரி, விளக்கு எரியவில்லை. போர்டின் மேல் சந்தேகப்பட அவளுக்கு வழியே இல்லை. தன் மேல்தான் சந்தேகப்படுவாள். “எனக்கு எலக்ட்ரானிக்ஸ் வராது சார்” என்ற வாக்கியம் இப்படித்தான் உற்பத்தியாகிறது. அரைகுறையாகச் செத்த கருவியைவிட மோசமான ஆசிரியர் இல்லை.

ஒவ்வொரு பின்னையும் வாரந்தோறும் சோதித்து வைக்கலாமே என்பார்கள். வைக்கலாம். ஒரு போர்டுக்குச் சோதனை புரோகிராம் ஒன்று போட்டு ஓட்டினால் போதும். முப்பது போர்டுக்கு யார் உட்காருவது? கெட்டது தெரிந்த பிறகும் வேலை இருக்கிறது. சிப் சாக்கெட்டில் நிற்கும் வகை என்றால் புதுச் சிப் போட்டு, நம் புரோகிராமை அது வாங்கிக்கொள்ள வைக்கும் பூட்லோடர் என்ற சிறு மென்பொருளை அதில் ஏற்றவேண்டும். விலை குறைந்த நகல் போர்டுகள் பலவற்றில் சிப் நேராகப் பற்றவைக்கப்பட்டிருக்கும், பெயர்த்தெடுக்கச் சூடான காற்று ஊதும் ஹாட் ஏர் கருவி வேண்டும். அதற்கு மெனக்கெடுவதைவிடப் புதிது வாங்குவதே மலிவு. போர்டை விடுங்கள், கேபிளே தலைவலி. சார்ஜ் மட்டும் ஏற்றி டேட்டா கடத்தாத யூ.எஸ்.பி. கேபிள் ஒன்று கலந்துவிட்டால், போர்டில் விளக்கு எரியும், கணினிக்கோ போர்டு இருப்பதே தெரியாது, பாதி வகுப்பு அதிலேயே கரையும். நகல் போர்டுக்கு வேண்டிய டிரைவரை நிறுவ ஆய்வகக் கணினியில் அனுமதி இல்லையென்றால் மீதிப் பாதியும் போச்சு.

இதில் காசுக் கணக்கும் உண்டு, ஆனால் நீங்கள் நினைக்கும் இடத்தில் இல்லை. நகல் போர்டு சில நூறு ரூபாய், அசல் அதைப்போலப் பல மடங்கு. கல்லூரிக்கு அது பெரிய தொகை இல்லை. மாணவருக்குத்தான் பெரிசு. போர்டைக் கையில் கொடுத்ததும் வரும் முதல் கேள்வி, “எரிஞ்சு போனா நாங்க காசு கட்டணுமா சார்?” அந்தக் கேள்வி மனத்தில் இருக்கும்வரை கை முன்னே வராது. குழுவில் ஏற்கெனவே பள்ளியில் ரோபோட்டிக்ஸ் படித்த ஒருவர் ஒயர் செருகுவார், மற்ற மூவர் நோட்டில் எழுதுவார்கள். ரூபாய்க்கும் குறைவான ரெசிஸ்டரைக் கொடுங்கள், யாரும் அனுமதி கேட்பதில்லை. “இன்னொண்ணு குடுங்கண்ணே” என்று எங்கள் ஆய்வக உதவியாளரிடம் போய் நிற்பார்கள், அவ்வளவுதான்.

உதிரிக்கும் பராமரிப்பு இருக்கிறது. பிரெட்போர்டும் தேயும். தடித்த கால் டயோடு ஒன்றைச் செருகி எடுத்த துளையில், பிறகு மெல்லிய ரெசிஸ்டர் கால் சரியாகக் கவ்வாது. மேலும் கீழும் ஓடும் சப்ளைக் கோடு சில போர்டுகளில் நடுவில் அறுந்திருக்கும். சிவப்புக் கோடும் அங்கே விட்டுப்போயிருக்கும், ஆனால் யார் பார்க்கிறார்கள்? வலது பாதிக்குக் கரண்ட் வராது. இதுவும் அரைகுறைச் சாவுதானே என்று நண்பர் ஒருவர் மடக்கினார். வித்தியாசம் உண்டு. இதை மாணவரே மல்டிமீட்டரால் புள்ளி புள்ளியாகத் தொட்டு, 9 வோல்ட் எங்கே நின்றுபோகிறது என்று கண்டுபிடிக்க முடியும். அந்தத் தேடல்தான் ஆய்வகத்தின் பாடமே. சிப்பின் உள்ளே செத்துப்போன ஒரு பின்னோ இதற்கு இடம் தருவதில்லை.

என் அனுபவம் எட்டாத இடங்களைச் சொல்லிவிடுகிறேன். நான் உதிரியில் நடத்தியது சிறு வகுப்புகள். பெரிய வகுப்பை இரண்டாகப் பிரிக்க இடமோ ஆளோ இல்லாத கல்லூரியில், மேசைக்கு மேசை ஓடித் தவறு தேடுவது நடக்குமா என்று உறுதியாகச் சொல்லமாட்டேன். அங்கே டிரெய்னர் கிட்டே பிழைத்துப்போகலாம். இன்னொன்று, பிரெட்போர்டு மின்னணுவியலுக்குச் சரி, மின்னியலின் மறுபாதியை அது தொடுவதே இல்லை. 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், மாடிப்படிக்கு இரண்டு இடத்தில் சுவிட்ச், எர்த்திங் எல்லாம் மரப்பலகையில் தனியாகத்தான் கற்றுத் தரவேண்டும். அந்தப் பக்கத்தை எங்கள் துறையின் மூத்தவர் ஒருவர் பார்த்துக்கொள்கிறார், நான் வேடிக்கை பார்க்கிறேன். இரண்டாம் செமஸ்டரில் நாங்களும் ஆர்டுயினோவுக்குப் போகிறோம். அதற்குள் பின்னுக்கும் எல்.இ.டி.க்கும் நடுவில் ஏன் ரெசிஸ்டர் என்று யாரும் கேட்பதில்லை. அது உதிரியால் வந்த பலனா, வயதால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல என்னிடம் கணக்கு இல்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு: பெங்களூருவின் மின்னணுக் கடைத்தெருவான எஸ்.பி. ரோடுதான். கே.ஆர். மார்க்கெட்டிலிருந்து நடந்தே போகலாம். அந்த வட்டாரத்துக்குப் போகும்போதெல்லாம் எங்கள் ஆய்வக உதவியாளர் ஒன்றைச் சொல்லாமல் விடமாட்டார். அவர் கோலார் தங்கவயல்காரர். காவிரியின் சிவனசமுத்திர நீர்மின் நிலையத்து மின்சாரம் 1902-ல் தங்கவயல் சுரங்கத்துக்குப் போய், 1905-ல்தான் பெங்களூரு தெருவிளக்குக்கு வந்தது. “உங்க ஊருக்கு நாங்க மூணு வருஷம் சீனியர் சார்” என்பார்.

ரெசிஸ்டரை நூறு நூறாக வாங்குங்கள். 470 ஓம், 1 கிலோ, 10 கிலோ, 68 கிலோ இருந்தால் பாதி செமஸ்டர் ஓடிவிடும். பிரெட்போர்டில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், கடையிலேயே ஒரு ஒயரைச் செருகி இழுத்துப் பாருங்கள். 9 வோல்ட் பேட்டரிக்குப் பதில் கரண்ட் அளவைக் கட்டுப்படுத்தும் சப்ளை கிடைத்தால் 100 மில்லி ஆம்பியரில் வையுங்கள், சாவு எண்ணிக்கை நன்றாகக் குறையும். மல்டிமீட்டருக்கு உதிரி ஃபியூஸ் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், கரண்ட் அளக்கும் நிலையில் வைத்துக்கொண்டே சப்ளையின் குறுக்கே தொடுகிறவர் எல்லா வகுப்பிலும் உண்டு. மலிவு மீட்டரில் 10 ஆம்பியர் துளைக்கு ஃபியூஸே கிடையாது. நாங்கள் அதன் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டோம்.