டேம் மீன், ஆந்திரா ஐஸ் மீன், உயிர் மீன்: எதை நம்பி வாங்கலாம்?

கோயம்புத்தூர், ஈரோடு, பொள்ளாச்சிப் பக்கம் மீன் கடையில் நின்றால் அடிக்கடி காதில் விழும் கேள்வி, "டேம் மீனுங்களா?" என்பதுதான். கடைக்காரர் ஆமாம் என்று தலையாட்டிவிட்டால் அதற்குமேல் யாரும் எதுவும் கேட்பதில்லை. செவுளைத் தூக்கிப் பார்ப்பதில்லை, எடையைச் சரிபார்ப்பதும் இல்லை. அணையில் பிடித்தது என்றாலே புத்தம்புது மீன் என்ற நம்பிக்கை இங்கே வேரோடிக் கிடக்கிறது.

அந்த நம்பிக்கையில் பாதிதான் சரி. மீன் செத்து எத்தனை மணி நேரம் ஆயிற்று, அந்த நேரமெல்லாம் அது ஐஸில் இருந்ததா வெயிலில் இருந்ததா என்பதை வைத்துத்தான் புதுசா பழசா என்று சொல்ல முடியும். நம் ஊர்ச் சந்தைகளில் கிடைக்கும் நன்னீர் மீனை இந்தக் கணக்கில் நிறுத்திப் பார்த்தால், வழக்கமாக நாம் போடும் வரிசை கொஞ்சம் மாறிவிடும்.

முதலில் டேம் மீன். மேட்டூர், பவானிசாகர், ஆழியாறு, அமராவதி என்று நம்மைச் சுற்றி நீர்த்தேக்கங்களுக்குக் குறைவில்லை. பரிசலில் போய் சாயங்காலம் தங்கூசி வலையை விரித்துவிட்டு, விடியற்காலையில் தூக்குவார்கள். கட்லா, ரோகு, மிருகால், ஜிலேபி, அதிர்ஷ்டம் இருந்தால் வாளை. தீனி போட்டு வளர்க்காத மீன் என்பதால் கொழுப்பு குறைவு, சதை இறுக்கம். குழம்பில் போட்டால் கரையாமல் துண்டு துண்டாக நிற்கும். ருசியில் இதற்கு நிகர் வேறில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஆனால் வலையில் மாட்டும் கட்லா, ரோகு மாதிரி கெண்டை அங்கேயே மூச்சு முட்டிச் செத்துவிடுகிறது. இரவு எட்டு மணிக்கு மாட்டிய மீனும் காலை ஐந்து மணிக்கு மாட்டிய மீனும் ஒரே பரிசலில்தான் கரைக்கு வருகின்றன. அணை வாசலில் ஏழு மணிக்கு வாங்கினால் இரண்டுமே பரவாயில்லை. அதே மீன் ஐஸ் இல்லாமல் கூடையில் ஏறி, டூவீலரில் நாற்பது கிலோமீட்டர் வந்து, பதினோரு மணிக்குச் சாலையோரம் ஈரச்சாக்கு போர்த்திக் கிடந்தால், டேம் மீன் என்ற பெயர் மட்டும்தான் மிச்சம். நம் வெயிலில் ஐஸ் இல்லாத மீன் அரை நாள்கூடத் தாங்காது. ஆகவே "டேம் மீனா?" என்று கேட்பதைவிட, "வலை எப்பங்ண்ணா தூக்குனாங்க? ஐஸ் எப்பப் போட்டீங்க?" என்று கேட்பது நல்லது. உண்மையான வியாபாரி தயங்காமல் சொல்வார்.

டேம் மீன் என்று சொல்லி வேறு மீனை விற்பதும் உண்டு. ஆடிப் பதினெட்டு, பொங்கல் விடுமுறை மாதிரி கூட்டம் கூடும் நாட்களில் அணையில் பிடிபடும் மீன் போதாது. வெளியூர் மீனும் வந்து சேர்ந்துவிடும். கண்டுபிடிப்பது அப்படியொன்றும் கடினம் இல்லை. அணையில் பிடித்தது சிறிதும் பெரிதுமாகக் கலந்திருக்கும், உடம்பில் வலை இறுக்கிய தழும்பு தெரியும். குட்டையில் வளர்த்துப் பிடித்த மீன் கிட்டத்தட்ட எல்லாம் ஒரே அளவில், வயிறு பருத்து இருக்கும்.

அடுத்தது பலர் முகம் சுளிக்கும் ஆந்திரா மீன். கொல்லேறு ஏரியைச் சுற்றியுள்ள கைக்கலூரு, பீமவரம் பகுதிக் குட்டைகளில் வளர்த்த கட்லாவும் ரோகுவும் ஐஸ் பெட்டியில் அடுக்கி லாரியில் வருகின்றன. கோவை உக்கடம் மாதிரி மொத்த மார்க்கெட்டுகளில் அதிகாலையில் இறங்குவதில் பெரும்பங்கு இதுதான். உள்நாட்டு மீன் உற்பத்தியில் நாட்டிலேயே முதலிடம் ஆந்திராவுக்கு. கொல்கத்தா வரைக்கும் இந்த மீன் போகிறது.

இதைப் பழசு என்று ஒரேயடியாக ஒதுக்குவதை நான் ஏற்கமாட்டேன். பிடித்தவுடன் தூளாக்கிய ஐஸில் நன்றாகப் புதைத்த கெண்டை பத்து நாளைக்கு மேலும் கெடாமல் இருக்கும். இரண்டு நாள் ஐஸில் வந்த கட்லா, காலையில் பிடித்து மதியம்வரை வெயிலில் கிடந்த கட்லாவைவிட எல்லா வகையிலும் மேல். விலையும் குறைவு. சிக்கல் இடையில் வருகிறது. பெட்டி எத்தனை முறை திறந்தது, உருகிய ஐஸை மாற்றினார்களா, நேற்று விற்காத மீனை இன்றைய பெட்டியில் கலந்தார்களா என்பது நம் கண்ணுக்குத் தெரியாது. அதனால் சில்லறைக் கடையைவிட மொத்த மார்க்கெட்டில், பெட்டி உடைக்கும் நேரத்தில் வாங்குவதுதான் பாதுகாப்பு. ஐஸ் தண்ணீரில் ஊறிச் செவுள் கொஞ்சம் வெளுத்திருப்பது இயல்பு. பழுப்பு நிறமும் பிசுபிசுப்பும் புளித்த வாடையும் இயல்பு இல்லை. தலையைப் பிடித்துக் கிடைமட்டமாகத் தூக்குங்கள். உடம்பு விறைப்பாக நின்றால் எடுக்கலாம். வால் தொங்கினால் யோசிக்க வேண்டும். கண் உள்வாங்கி வெண்மை படர்ந்திருந்தால் யோசனையே தேவையில்லை.

மீன் கெடாமல் இருக்கச் சிலர் கலக்கும் ஃபார்மலின் என்ற ரசாயனத்தைப் பற்றிய பயம் நியாயமானதே. 2018-இல் கேரள எல்லைச் சோதனைச் சாவடிகளில் ஃபார்மலின் கலந்த மீன் பிடிபட்ட பிறகுதான் இது எல்லோர் வாயிலும் அடிபட்டது. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இதைக் கண்டுபிடிக்கக் காகிதப் பட்டைச் சோதனை ஒன்றை உருவாக்கியது. ஈ மொய்த்தால் நல்ல மீன், மொய்க்காவிட்டால் மருந்து என்று ஊரில் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். ஐஸ் நிறையப் போட்டிருந்தாலும் ஈ குறைவாகத்தான் இருக்கும்.

மூன்றாவது உயிர் மீன். தொட்டியில் மோட்டார் காற்று ஊத, கண் முன்னால் நீந்தும் ஜிலேபி, விரால், புல் கெண்டை. எப்போது செத்தது என்ற கேள்விக்கே இங்கே இடமில்லை. உங்கள் எதிரில்தான் வெட்டுகிறார்கள். அப்படியானால் இதற்குத்தானே முதலிடம்?

எல்லா மீனுக்கும் இல்லை. உயிரோடு வாங்கிய மீனில் மண் வாடை அடித்து, குழம்பையே யாரும் தொடாமல் போவது பல வீடுகளில் நடப்பதுதான். குட்டையில் நீலப்பச்சைப் பாசி மண்டினால் ஜியோஸ்மின் என்ற பொருள் உண்டாகி, செவுள் வழியாக மீனுக்குள் போய்க் கொழுப்பில் தங்கிவிடும். மீன் எவ்வளவு புதுசாக இருந்தாலும் வாடை போகாது. பிடித்த மீனைச் சில நாள் தீனி போடாமல் சுத்தமான ஓடும் தண்ணீரில் விட்டால் குறையும். பொறுப்பான பண்ணைக்காரர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். கடைத் தொட்டித் தண்ணீர் பச்சையாகக் கலங்கி நாறினால் திரும்பிவிடுங்கள். எடை போடும்போது தண்ணீர் வடியும்வரை பொறுக்கச் சொல்லுங்கள். வீட்டில் வயிற்றுக் கொழுப்பையும் உள்ளே ஒட்டியிருக்கும் கறுப்புச் சவ்வையும் எடுத்துவிட்டு, புளித் தண்ணீரில் சிறிது நேரம் ஊற வைத்தால் வாடை ஓரளவு அடங்கும்.

விரால் என்றால் உயிர் மீன் விற்கும் கடைதான். காற்றைச் சுவாசிக்கத் தெரிந்த மீன் அது; கொஞ்சம் தண்ணீர் இருந்தாலே மணிக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அதுவே செத்துக் கிடக்கிறது என்றால் ரொம்ப நேரம் பாடுபட்டிருக்கிறது என்று அர்த்தம். விரால் விலை கொடுத்துச் செத்த விராலை வாங்காதீர்கள். மதுரைப் பக்கம் அயிரையையும் இப்படி உயிரோடுதான் வாங்குவார்கள். தேங்காய்ப் பாலில் விட்டால் உள்ளே இருக்கும் மண்ணைக் கக்கிவிடும் என்பது அங்கே வழக்கம்.

தொட்டியில் பட்டைத் தலையும் நீண்ட மீசையுமாக, கருஞ்சாம்பல் திட்டுகளோடு கனத்துக் கிடக்கும் கெளுத்தியைக் கண்டால் ஒதுங்கிவிடுங்கள். அது ஆப்பிரிக்கக் கெளுத்தி. 2000-இல் மத்திய அரசு அதன் வளர்ப்பைத் தடை செய்தது. நம் ஏரி மீன்களைத் தின்று தீர்க்கும். பல இடங்களில் இறைச்சிக் கடைக் கழிவைப் போட்டு வளர்க்கிறார்கள். நாட்டுக் கெளுத்தி என்று பெயர் சொல்லித்தான் விற்பார்கள்.

இவை தவிர, கோடையில் ஊர்க்குளம் வற்றும்போது குத்தகைதாரர் கரையிலேயே போட்டு விற்கும் மீன் இருக்கிறது. இழுவலையில் உயிரோடு வரும், விலையும் மலிவு. ஆனால் அடிமட்டத் தண்ணீரில் கிடந்த மீன் என்பதால் மண் வாடைக்கு வாய்ப்பு அதிகம். பொரிக்க வாங்குங்கள், குழம்புக்கு வேண்டாம்.

என் வீட்டுக்கு நான் எடுக்கும் முடிவு இப்படி. அணை ஒரு மணி நேரத் தூரத்துக்குள் இருந்து, காலை எட்டு மணிக்குள் போக முடிந்தால் டேம் கெண்டைதான். முடியாத நாட்களில் சாலையோரக் கூடையைவிட, மொத்த மார்க்கெட்டில் ஐஸ் கட்லாவை முழு மீனாக வாங்கி எதிரிலேயே வெட்டச் சொல்வேன். ஏற்கெனவே வெட்டி வைத்த துண்டை எந்தக் கடையிலும் தொடுவதில்லை. செவுளும் கண்ணும் இல்லாத துண்டை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. விராலும் ஜிலேபியும் உயிர் மீன் கடையில்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். கடல் மீன் வரத்து குறைய, நன்னீர் மீன் விலை ஏறும். வெயிலும் உச்சத்தில் இருக்கும், பழைய மீனைத் தள்ளிவிடும் ஆசையும் கூடும். அந்த இரண்டு மாதமும் ஐஸ் இல்லாத கூடை மீன் பக்கமே போகாதீர்கள். வாங்கப் போகும்போது மூடியுள்ள ஒரு டப்பாவில் நீங்களே கொஞ்சம் ஐஸ் எடுத்துச் செல்லுங்கள்.