ஹேவ்லாக் தீவில் ஸ்நார்கெலிங்கா, ஸ்கூபாவா?

அந்தமானின் ஹேவ்லாக்குக்கு (2018 முதல் ஸ்வராஜ் தீவு) போகிறவர்களுக்கு வரும் முதல் குழப்பம் இதுதான்.

ஸ்நார்கெலிங் எளிது. முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு மிதந்தபடியே கீழே பார்க்கலாம். எலிஃபண்ட் பீச்சில் கரையருகிலேயே பவளப்பாறை இருக்கிறது. படகிலும் போகலாம், காட்டுவழியாக நடந்தும் போகலாம். குழந்தைகளோடு போனால் இதுவே போதும். ஆனால் 2010-இல் கடல் சூடேறி அந்தமான் பவளங்கள் ஏராளமாக வெளுத்துப்போயின என்பதை நினைத்தால் மனசு கனக்கிறது. தயவுசெய்து பவளத்தின் மேல் கால் வைக்காதீர்கள், அது உயிர்.

ஸ்கூபா, அதாவது காற்று சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டு கடலுக்குள் மூழ்குவது, வேறு உலகம். நீச்சல் தெரியாதவர்களையும் பயிற்சியாளர் பிடித்துக்கொண்டே கூட்டிப்போவார்; முதல்முறை என்றால் 12 மீட்டருக்குள்தான். 10 மீட்டரிலேயே அழுத்தம் தரையில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு. அதனால் காது அடைக்கும். மூக்கைப் பிடித்து மெல்ல ஊதினால் சரியாகும். மூச்சை மட்டும் அடக்கவே கூடாது. சளி, ஆஸ்துமா இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

செலவு ஸ்கூபாவுக்கே அதிகம். இருந்தாலும் உடம்பு ஒத்துழைத்தால் நான் அதைத்தான் சொல்வேன்: மீன்களை மேலிருந்து பார்ப்பதல்ல, அவற்றின் நடுவே இருப்பது. அப்புறம், ஒருமுறை மூழ்கினாலும் 12 மணி நேரமாவது கழித்தே விமானம் ஏறுங்கள். பலமுறை என்றால் 18.