ஊரும் சதுப்பும் ஒரே சுற்றில்: கூலோனா, சேந்தோமேரா?

பிரான்சில் ஒரு சின்ன ஊரின் தெருவில் நடக்கத் தொடங்கி, ஆற்றோரச் சதுப்புக்குள் இறங்கி, வேறு வழியாக ஊருக்கே திரும்பி வர வேண்டும். இப்படி ஒரு நடைக்கு எங்கே போகலாம் என்று கேட்டால் பெரும்பாலோர் கூலோனைத்தான் சொல்வார்கள். நடப்பதற்கென்றே போகிறவர்களுக்கு நான் சேந்தோமேரைச் சொல்வேன். அதற்காகக் கூலோனை விட்டுக்கொடுக்கவும் மனமில்லை.

கூலோன் மேற்கு பிரான்சில், நியோர் நகரத்துக்குப் பக்கத்தில், செவ்ர் நியோர்தேஸ் ஆற்றங்கரையில் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள மாரே புவாத்வேன் சதுப்பு ஏறக்குறைய ஒரு லட்சம் எக்டேர். பிரான்சில், தெற்கிலுள்ள கமார்கு சதுப்புக்கு அடுத்த பெரிய ஈரநிலம். இங்கே முதலில் கால்வாய் வெட்டியவர்கள் மடத்துத் துறவிகள். 1217இல் ஐந்து மடங்கள் கூடி வெட்டிய வாய்க்காலுக்கு ஐந்து மடாதிபதிகள் கால்வாய் என்றே இன்றும் பெயர். கடல் பக்கத்து நிலம் வடிந்து வயலாகிவிட்டது. கூலோன் பக்கம் மட்டும் மழைக்காலத்தில் வெள்ளம் ஏறி இறங்கும் ஈரச் சதுப்பாகவே நிற்கிறது. பச்சை வெனிஸ் என்று பெயர் வாங்கியது இந்தப் பகுதிதான்.

அந்தப் பச்சை உண்மையிலேயே தனி. கோடையில் கால்வாயின் மேல் மிளகளவு இலைகள் நெருக்கமாகப் படர்ந்து தண்ணீரே தெரியாது. படகு போனால் நடுவே ஒரு கறுப்புக் கோடு பிளந்து, சற்று நேரத்தில் மறுபடி மூடிக்கொள்ளும். இரு கரையிலும் ஆஷ் மரங்கள். விறகுக்காகத் தலைமுறை தலைமுறையாக உச்சியை வெட்டி வெட்டி, தலை பருத்து, அடிமரம் குட்டையாக முறுக்கேறி நிற்கும். கரை சரியாமல் பிடித்துக்கொண்டிருப்பது அவற்றின் வேர்கள்தான். இப்போது ஆஷ் மரங்களை ஒரு பூஞ்சை நோய் கொல்கிறது. பட்டுப்போகும் மரங்களுக்கு ஈடாக வேறு சாதி மரங்களை நட்டுவருகிறார்கள். ஆனாலும் இந்தக் காட்சி இன்னும் எத்தனை காலம் இப்படியே இருக்கும் என்ற கவலை எனக்கு உண்டு. பார்க்க நினைப்பவர்கள் தள்ளிப்போட வேண்டாம்.

நடக்கிறவருக்குச் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கூலோன் சதுப்பு படகுக்காக உருவானது. பாலம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் கால் கடக்க முடியும். மற்ற இடங்களில் பாதை ஒரு வாய்க்கால் ஓரத்தில் போய் நின்றுவிடும். ஆற்றங்கரைப் பாதை அருமையானது, ஆனால் நீளவாக்கில் போவது. சுற்றாக்க வேண்டுமானால் ஆற்றைக் கடந்து லா காரெத் கிராமம் வரை போய்த் திரும்பலாம். அங்கே வீடுகளுக்கு இரண்டு வாசல்: ஒன்று தெருவுக்கு, ஒன்று தண்ணீருக்கு. அதற்காகவே போகலாம். எனினும் சதுப்பின் உள்பகுதி படகில் ஏறினால்தான் கிடைக்கும். நீளமான கழியை ஊன்றித் தள்ளும் தட்டைப் படகுகள் துறையில் வரிசையாகக் கிடக்கின்றன. படகோட்டி அடிச்சேற்றைக் கிளறிவிட்டு, மேலே குமிழ்ந்து வரும் மீத்தேனைக் கொளுத்திக் காட்டுவார். தண்ணீர் மேல் ஒரு கணம் தீ ஓடும். பிள்ளைகளோடு போகிறீர்கள் என்றால் கூலோனை மறுபேச்சில்லாமல் தேர்ந்தெடுங்கள்.

இனி சேந்தோமேர். வடக்கே, பா-து-கலே மாவட்டத்தில், ஆ என்ற ஆற்றின் கரையில் உள்ள ஊர். இங்கும் கதை துறவிகளில்தான் தொடங்குகிறது, அதுவும் ஏழாம் நூற்றாண்டிலேயே. சதுப்பு சிறியது, 3,700 எக்டேர்தான். அதற்குள் சுமார் 700 கிலோமீட்டர் கால்வாய். 2013இல் யுனெஸ்கோ இதை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்தப் பட்டமல்ல. இங்கே சதுப்பில் இன்னும் விவசாயம் நடக்கிறது. தண்ணீர் சூழ்ந்த துண்டு நிலங்களில் காலிஃப்ளவர் போடுகிறார்கள். சேந்தோமேர் காலிஃப்ளவர் என்றால் வடக்கில் தனி மரியாதை. சாலை எட்டாத சில வீடுகளுக்குத் தபால்கூடப் படகில்தான் போகிறது. வேலி ஓரமாக நடக்கும்போது ஒரு பக்கம் கறுத்த ஈர மண்ணில் சாம்பல்பச்சை இலைகள், மறுபக்கம் வாய்க்காலில் சேறு ஒட்டிய மரப்படகு. வேடிக்கை பார்க்க வைத்ததல்ல, வேலைக்குக் கிடப்பது.

சுற்று நடைக்கும் இந்த ஊர் வசதி. 1904இல் கட்டிய ரயில் நிலையம் கால்வாய் ஓரத்திலேயே இருக்கிறது. இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் லீசெல். பழைய தோட்டக்காரர் குடியிருப்பு. தாழ்ந்த வீடுகள் முடியும் இடத்திலேயே சதுப்பு ஆரம்பித்துவிடும். அங்கிருந்து நான்கைந்து கிலோமீட்டர் நடந்தால் கிளேர்மாரே, அதன் பக்கத்தில் ரொமெலார் பறவைக் காப்பகம். எரிப்பதற்காக மக்கிய கரிமண்ணை வெட்டி எடுத்த பள்ளங்கள்தான் இன்று அங்கே ஏரிகள். பலகைப் பாதையில் நிதானமாகப் போனால் நீர்க்காகங்களை நிறையப் பார்க்கலாம். அதிர்ஷ்டம் இருந்தால் நாணலுக்குள் சின்னஞ்சிறு குருகும் கண்ணில் படும். வேறு சந்துகளில் திரும்பி வந்து, சேன்-பெர்தேன் மடத்தின் இடிந்த சுவர்களைத் தாண்டி மேட்டிலுள்ள பேராலயத்துக்கு ஏறுங்கள். 1558ஆம் ஆண்டு வானியல் கடிகாரம் அதற்குள் இருக்கிறது. சதுப்பை வெட்டித் திருத்திய மடமும், அந்தச் சதுப்பால் வளர்ந்த ஊரும் ஒரே நாள் நடையில் ஒன்றுக்குள் ஒன்றாகப் புரிந்துவிடும். கூலோனில் இது கிடைக்காது.

குறையும் உண்டு. வழியில் தார்ச்சாலைத் துண்டுகள் வரும், கார்களுக்கு ஒதுங்க வேண்டியிருக்கும். வானம் பெரும்பாலும் மூட்டம். 2023 நவம்பரிலும் 2024 ஜனவரியிலும் ஆ ஆறு பெருகி இந்த வட்டாரமே வெள்ளத்தில் தவித்தது. கடல் வற்றும் நேரத்தில்தான் இங்கே தண்ணீர் தானாக வடியும். ஆகவே குளிர்காலத்தில், தொடர் மழைக்குப் பிறகு போவதானால் பாதை திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

மூன்றாவதாக நார்மண்டியின் கராந்தான் ஊரையும் சிலர் சொல்வதுண்டு. குளிர்காலத்தில் புல்வெளி முழுக்கத் தண்ணீர் ஏறி வெண்மையாக விரியும் காட்சிக்கும், செங்கால் நாரைக்கும் அது சரியான இடம். 1944இல் ஜெர்மானியர் அந்தத் தாழ்நிலங்களை வெள்ளத்தில் மூழ்கடித்திருந்தார்கள். வானிலிருந்து குதித்த அமெரிக்க வீரர்கள் பலர் அதில் மூழ்கி இறந்தார்கள். அந்த வரலாற்றுக்காகப் போகிறவர்கள் போகட்டும். சுற்று நடை என்று பார்த்தால் மற்ற இரண்டுக்கும் பின்னால்தான் வைப்பேன்.

பாரிஸிலிருந்து போவதானால், நியோருக்கு மோன்பர்னாஸ் நிலையத்தில் ரயில். இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். அப்புறம் கூலோனுக்குப் பேருந்தோ சைக்கிளோ வேண்டும். பாரிஸில் லா சப்பல் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்குச் சேந்தோமேர் எளிது: பக்கத்திலேயே கார் து நோர் ரயில் நிலையம், லில்லிலோ அஸ்புரூக்கிலோ மாறினால் போதும், இறங்கிய இடத்திலிருந்தே நடக்கலாம். கூலோனுக்கு ஜூலை, ஆகஸ்ட் கூட்டத்தைத் தவிர்த்து மே, ஜூன் அல்லது செப்டம்பரில் போங்கள், ஓர் இரவு தங்குங்கள். சேந்தோமேருக்கு ஒரு நாள் போதும். காலிஃப்ளவர் அறுவடையையும் பார்க்க வேண்டுமென்றால் கோடையில் போங்கள்.