ஜிபிஎஸ் இருக்கிறது என்று சொல்லி விற்ற வாட்ச்: ஓட்டப் பயிற்சி எடுக்கும் பிள்ளைகள் கவனத்துக்கு

போலீஸ் வேலைக்கோ ராணுவத்துக்கோ ஓடிப் பழகுகிற பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால் இதைப் படித்துவிட்டு அவர்களிடமும் காட்டுங்கள். இது என் அக்கா மகனுக்கு நடந்தது, வாங்கிக் கொடுத்தவன் நான்.

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். அதில் தேறினால்தான் கயிறு ஏறுதல், நீளம் தாண்டுதல் எல்லாம். நாங்கள் ராஜாக்கமங்கலம் பக்கம், இங்கே அளந்து கோடு போட்ட மைதானம் கிடையாது, அவன் கடற்கரை ரோட்டிலும் மணலிலும்தான் காலையில் ஓடுவான். எவ்வளவு தூரம் ஓடினோம் என்று தெரிய ஒரு வாட்ச் இருந்தால் நல்லது என்று கேட்டான். நாகர்கோவிலில் ஒரு மொபைல் கடைக்குக் கூட்டிப்போனேன். நான் கேட்டது ஒரே கேள்விதான், போன் இல்லாமல் ஓடினாலும் தூரம் சரியாகக் காட்டுமா என்று. "அண்ணே, இன்பில்ட் ஜிபிஎஸ், பாக்ஸிலேயே போட்டிருக்கு பாருங்க, கடல்ல இறங்கினாலும் ஒண்ணும் ஆவாது" என்றார் கடைக்காரர். இன்பில்ட் ஜிபிஎஸ் என்றால் சாட்டிலைட்டை வைத்து இடமும் தூரமும் கண்டுபிடிக்கிற வசதி வாட்சுக்குள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம். 1,899 ரூபாய் கொடுத்தேன். பில் கேட்டதற்கு எஸ்டிமேட் என்று அச்சடித்த துண்டுச்சீட்டில் தொகையை மட்டும் எழுதித் தந்தார். நானும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டு மாதம் ஓடினான். வாட்ச் கணக்குப்படி 1500 மீட்டர் 6 நிமிடம் 40 நொடி. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், இனி கயிறைக் கவனி என்று நானே சொன்னேன். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனுடைய கூட்டாளி ஒருவன் கூப்பிட்டான் என்று கல்லூரி மைதானம் ஒன்றில் 400 மீட்டர் டிராக்கில் போய் ஓடினான். 1500 என்றால் மூன்று சுற்றும் 300 மீட்டரும். கையில் ஸ்டாப்வாட்ச் வைத்து நான்தான் நேரம் பார்த்தேன். 7 நிமிடம் 28 நொடி. அவன் மூச்சு வாங்கிக்கொண்டு வாட்சைக் காட்டினான், அதில் 1.68 கிலோமீட்டர் என்று இருந்தது. "மாமா, இவ்வளவு நாளும் நான் 1500 ஓடவே இல்ல" என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான். கணக்குப் போட்டுப் பார்த்தால் வாட்ச் 1500 காட்டும்போது அவன் ஓடியது சுமார் 1340 மீட்டர்தான். அந்த முகத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு பொறுக்கவில்லை. அதைத் தேர்வு நாளில் கண்டுபிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து அந்த வாட்சோடு வந்த சின்னத் தாளைப் படித்தேன். பொடி எழுத்தில், ஜிபிஎஸ் வசதி போனின் இணைப்பு வழியாக என்று இருக்கிறது. அதாவது வாட்சுக்குள் ஜிபிஎஸ் சிப்பே இல்லை. போன் கூடவே இருந்தால் அதனுடைய ஜிபிஎஸ்ஸை வாங்கிக் காட்டும், போனை வீட்டில் வைத்துவிட்டு ஓடினால் கை ஆடுவதை வைத்துக் காலடி எண்ணி, நாம் ஆப்பில் கொடுத்த உயரத்திலிருந்து ஒரு காலடி இத்தனை சென்டிமீட்டர் என்று குத்துமதிப்பாக எடுத்துப் பெருக்கிவிடும். மணலில் ஓடும்போது கால் புதைகிறது, காலடி குறுகுகிறது, களைத்துப்போனால் இன்னும் குறுகும். அது வாட்சுக்கு எப்படித் தெரியும்? எல்லாக் காலடியையும் ஒரே நீளமாகத்தான் கணக்கு வைக்கும். அந்த வாட்சைக் கட்டிக்கொண்டு பைக்கில் ராஜாக்கமங்கலத்திலிருந்து நாகர்கோவில் போய்ப் பார்த்தேன், ரோட்டுக் குழிகளில் குலுங்கியதையும் நடையாகச் சேர்த்துக்கொண்டது.

வாங்குவதற்கு முன்னால் இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது, எனக்கு அப்போது தெரியாமல் போனது. போனில் புளூடூத்தை அணைத்துவிட்டு வாட்சை மட்டும் எடுத்துக்கொண்டு வெட்டவெளிக்கு வந்து வெளி ஓட்டம் என்பதைத் தொடங்குங்கள். உண்மையிலேயே ஜிபிஎஸ் உள்ள வாட்ச் முதலில் சாட்டிலைட்டைத் தேடும், சில நொடியாவது ஆகும். தெருமுனை வரை நடந்து திரும்பிவந்து போனோடு இணைத்தால் நடந்த பாதை மேப்பில் கோடாக வர வேண்டும். கோடு வரவில்லை என்றால் ஜிபிஎஸ் இல்லை, பெட்டியில் என்ன போட்டிருந்தாலும் சரி. கடைக்காரர் இதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் வாங்காதீர்கள். நிஜ ஜிபிஎஸ் உள்ளதும் அடர்ந்த ரப்பர் தோட்டத்துக்குள்ளும் உயரமான கட்டடங்களுக்கு நடுவிலும் கொஞ்சம் தடுமாறும், ஆனால் அது வேறு, இது வேறு.

இதயத்துடிப்புக்கும் இதே கதைதான். அவன் மெதுவாக ஓடிக்கொண்டே என்னோடு பேசிக்கொண்டு வருகிறான், வாட்ச் 172 என்று காட்டுகிறது, அதுவும் அசையாமல். நிறுத்தி உடனே கழுத்தில் விரல் வைத்து 15 நொடி எண்ணினேன், 33. நாலால் பெருக்கினால் 132. அப்புறம் அவன் காலடியை எண்ணியபோதுதான் புரிந்தது, நிமிடத்துக்கு 170 பக்கம் வருகிறது. பச்சை வெளிச்சத்தைத் தோலுக்குள் அடித்து ரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தை அளக்கிற சென்சார் அது, பட்டை தளர்வாக இருந்து கை குலுங்கும்போது காலடித் தாளத்தையே துடிப்பு என்று எடுத்துக்கொள்கிறது. மணிக்கட்டு எலும்புக்கு மேலே ஒரு விரல் தள்ளி இறுக்கிக் கட்டினால் ஓரளவு சரியாகிறது. ஆனால் இதை நம்பி வீட்டில் யாரும் பிரஷர், ஆக்சிஜன் பார்த்து மருந்தைக் கூட்டுவதோ குறைப்பதோ வேண்டாம்.

சரி, தூரம்தான் பொய், நேரமாவது பார்க்கலாம் என்று வைத்திருந்தோம். மூன்றாம் மாதம், ஜூன் மழை தொடங்கிய சமயம், சார்ஜ் ஏறவில்லை. பின்பக்கம் சார்ஜ் ஏறுவதற்கு இருக்கிற இரண்டு உலோக முனைகளும் பச்சையாகக் களிம்பு ஏறிக் கிடந்தன. பட்டையைப் பிடிக்கிற கம்பி துருப்பிடித்து ஒடிந்தேவிட்டது. கடைக்காரரிடம் கொண்டுபோனால் "தண்ணி போயிருக்கு, வாரண்டி வராது" என்றார். கடலில் இறங்கலாம் என்று சொன்னீர்களே என்றேன். ஐபி68 என்றுதான் சொன்னேன் என்றார். ஐபி68 என்பது தூசும் தண்ணீரும் உள்ளே போகாமல் தாங்கும் என்பதற்கான தரக் குறி, அந்தத் தண்ணீர்ச் சோதனையே அசையாத நல்ல தண்ணீரில் செய்வது. கடல் தண்ணீர், சோப்புத் தண்ணீர், அலை அடிக்கிற வேகம் எதற்கும் அது உத்தரவாதம் இல்லை. கடலோரத்தில் இருக்கிற நமக்கு உப்புக் காற்றும் வியர்வை உப்புமே போதும். ஓடி வந்ததும் நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து, அந்த உலோக முனைகள் முழுக்கக் காய்ந்த பிறகுதான் சார்ஜ் போட வேண்டும். ஈரத்தோடு போட்டால் களிம்பு சீக்கிரம் ஏறும். இதைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

நம் மாவட்டத்தில் அந்தக் கம்பெனிக்கு சர்வீஸ் சென்டர் இல்லை. சொந்தச் செலவில் கூரியரில் அனுப்பினேன், தண்ணீர் சேதம் என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டி அப்படியே திருப்பி அனுப்பினார்கள். நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதிவு செய்தேன். முதலில் கேட்டது பில். என்னிடம் இருந்தது கடைப் பெயர்கூட இல்லாத அந்தத் துண்டுச்சீட்டு. அங்கேதான் நான் தோற்றேன். முறையான பில் இருந்திருந்தால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே, அதாவது நாகர்கோவிலில் இருக்கிற நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. அதனால் ஜிஎஸ்டி பில்லில் மாடல் பெயரை எழுதி வாங்குங்கள், இன்பில்ட் ஜிபிஎஸ் என்று வாயால் சொன்னால் அதையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். பெட்டியையும் தூக்கிப் போடாதீர்கள். நாங்கள் போட்டுவிட்டோம்.

நடைப்பயிற்சி போகிற பெரியவர்களுக்கு நேற்றைவிட இன்று கூட நடந்தோமா என்று பார்க்க இந்த விலை வாட்ச் போதும், அதில் நான் குறை சொல்லவில்லை. நொடிக்கணக்கில் வேலை கிடைப்பதும் போவதுமாக இருக்கிற பிள்ளைகளுக்கு இது ஆகாது. அவர்களுக்கு வாரம் ஒருமுறையாவது 400 மீட்டர் டிராக் வேண்டும். அதற்கு வழியில்லை என்றால் இடுப்பில் இறுக்கிக் கட்டிய போனில் ஏதாவது ஓட்ட ஆப் போட்டு ஓடலாம், போனில் நிஜமான ஜிபிஎஸ் இருக்கிறது.

நாங்கள் இப்போது கட்டட வேலைக்காரர்கள் வைத்திருக்கிற 30 மீட்டர் டேப்பை வாங்கி, வண்டி வராத ஒரு தோப்பு ரோட்டில் 300 மீட்டர் அளந்து இரண்டு முனையிலும் சுண்ணாம்பு அடித்திருக்கிறோம். ஐந்து தடவை ஓடினால் 1500. திரும்புகிற இடத்தில் வேகம் கொஞ்சம் குறைகிறது, அப்படியும் நேற்றைக்கு 6 நிமிடம் 53 நொடி. இன்னும் பத்து நொடி குறைக்காமல் விடமாட்டேன் என்கிறான்.