540 சதுர அடி, ஒரு நாட்டு நாய், நான்கு வருடங்கள்: எது தாங்கியது, எது தாங்கவில்லை

மேற்கு மாம்பலத்தில் இரண்டாவது மாடி. ஒரு படுக்கையறை, ஒரு கூடம், ஒருவர் நின்று சமைக்கும் அளவுக்கு ஒரு சமையலறை, நான்கடிக்கு ஆறடி பால்கனி. 2021 ஆகஸ்டில் சுக்கு இங்கே வந்தபோது அவளுக்கு மூன்று மாதம். காய்ந்த சுக்கின் நிறம், அதனால் அந்தப் பெயர். முழுக்க நாட்டு நாய். இப்போது 17 கிலோ இருக்கிறாள்.

"நாய் வந்துட்டா அப்புறம் வீடு வீடா இருக்காது" என்று சொல்லாத உறவினர் இல்லை. எனக்கு வீடு பார்க்க அழகாக இருக்க வேண்டும். துணி, நிறம், வெளிச்சம் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் சேர்ப்பவள் நான். சுக்குவும் வேண்டும், வீட்டின் அழகும் வேண்டும் என்று இந்த நான்கு வருடங்களில் வாங்கியது, தைத்தது, செய்யச் சொன்னது, கடைசியில் தூக்கிப் போட்டது எல்லாவற்றையும் இங்கே எழுதுகிறேன். சின்ன வீட்டில் நாய் வளர்க்க யோசிப்பவர்களுக்குக் கொஞ்சம் பணமாவது மிச்சமாகும்.

முதலில் தரை. சோபாவைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள், ஆனால் நாய் வாழ்வது தரையில். எங்கள் வீட்டில் பளபளக்கும் விட்ரிஃபைட் டைல்ஸ். முதல் ஆறு மாதம் அவள் ஓடித் திரும்பும்போதெல்லாம் பின்னங்கால்கள் விலகிக்கொண்டு போகும். வளரும் குட்டிக்கு இது இடுப்புக்கும் மூட்டுக்கும் நல்லதில்லை என்று கால்நடை மருத்துவர் சொன்னார். பாதத்து மெத்தைகளுக்கு நடுவே வளரும் மயிரை வெட்டினேன், நகத்தை ஒழுங்காக வெட்டினேன். பாதிதான் சரியானது. கம்பளம் ஒன்று வாங்கினேன், பஞ்சு பஞ்சாக, பார்க்க மிக அழகு. ஒரே மழைக்காலம். சென்னையின் ஈரத்தில் அது காயவே இல்லை, வாடையும் போகவில்லை. வெளியே போனது.

பிறகுதான் அம்மா வீட்டுப் பரணில் இருந்த பவானி ஜமுக்காளம் நினைவுக்கு வந்தது. தடித்த பருத்தி நூலில், பட்டை பட்டையாக நிறம் ஓடும் பழைய ஜமுக்காளம். அதை விரித்த அன்றே சுக்குவின் நடை மாறியது. கால் பதிகிறது, வழுக்குவதில்லை. நெசவு இறுக்கமாக இருப்பதால் நகம் மாட்டுவதும் குறைவு. அடியில் ரப்பர் வலை ஒன்று கட்டாயம் போட வேண்டும், இல்லாவிட்டால் ஜமுக்காளமே டைல்ஸில் வழுக்கிக்கொண்டு போகும். இப்போது மூன்று வைத்திருக்கிறேன்: ஒன்று கூடத்தில், ஒன்று படுக்கையறைக்குப் போகும் வழியில், ஒன்று துவைப்பதற்கு மாற்றாக. புதிதாக வாங்கியதில் முதல் இரண்டு சலவைக்குச் சாயம் போனது, தனியாகத்தான் ஊறப்போட வேண்டும். நனைந்தால் பயங்கர கனம். மொட்டை மாடிக்கு ஏற்ற எதிர் வீட்டு அக்காவும் வந்து ஒரு முனையைப் பிடிப்பார். நான்கு வருடத்தில் ஓரம் கொஞ்சம் பிரிந்தது, அவ்வளவுதான். வீட்டுக்கு வருபவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது அந்தச் சிவப்பும் பச்சையுமான பட்டைகளைப் பற்றித்தான்.

சரி, சோபா. என்னுடையது கருநீலம், லினன் போன்ற தளர்ந்த நெசவு. இரண்டு தவறும் சேர்ந்தே வந்தன. கருநீலத்தில் அவளுடைய ஒவ்வொரு மயிரும் தெரிந்தது, தளர்ந்த நெசவில் ஒவ்வொரு நகமும் மாட்டியது. ஏழே மாதத்தில் கைப்பிடியில் நூல் தொங்கியது. கடையில் கேட்டால் வளர்ப்புப் பிராணிக்கு உத்தரவாதம் கிடையாது என்றார்கள். வாங்கும்போது நான் நாய் இருப்பதைச் சொல்லித்தான் வாங்கினேன், அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. கடைசியில் தெருமுனைத் தையல்காரரிடம் கெட்டியான கேன்வாஸ் துணியில் கழற்றிப் போடும் உறை இரண்டு செட் தைத்தேன். நிறம் அவளுடைய நிறம். துணிக்கடைக்கு அவள் உதிர்த்த மயிரில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்தே எடுத்தேன். ஞாயிறு தோறும் ஒரு செட் துவைக்கப் போகும். நாய்க்குப் பிடித்த இடத்தில் நாயின் நிறத்தைப் போடுங்கள் என்றுதான் யார் கேட்டாலும் சொல்கிறேன். இதன்பிறகு வீட்டின் மற்ற நிறங்களும் தானாக அமைந்தன: மணல் நிறம், செங்கல் நிறம், கொஞ்சம் கரும்பச்சை.

ஆனால் இந்த நிறப்பொருத்தம் ஓர் இடத்தில் எனக்கு எதிராகப் போனது. கூடத்தின் நிறத்தோடு சேர வேண்டும் என்று செங்கல் நிறத்தில் ரப்பர் பந்து வாங்கினேன். பூங்காவில் புல்லில் போட்டால் அவள் மூக்கால்தான் தேடுவாள். நாய்களின் கண் நீலத்தையும் மஞ்சளையும் நன்றாகப் பிரித்தறியும், சிவப்பும் பச்சையும் அவற்றுக்கு ஏறக்குறைய ஒன்றுபோல மங்கலாகத் தெரியும். அதைத் தெரிந்துகொண்ட அன்று நீலப் பந்து வாங்கினேன். அது கூடத்தின் எந்த நிறத்தோடும் சேரவில்லை, இருக்கட்டும். மூடி போட்ட பனையோலைக் கூடை ஒன்றில் கிடக்கிறது.

படுக்கைக்கு மூன்று முறை செலவு செய்தேன். வட்டமான மெத்தைப் படுக்கை முதல் கோடையிலேயே தோற்றது. மெத்தையை விட்டுவிட்டு வெறும் டைல்ஸில் போய்ப் படுத்தாள். இரண்டாவது, குளிர்ச்சி தரும் என்று விற்ற ஜெல் விரிப்பு. ஒரே மாதத்தில் கடித்து ஓட்டை போட்டாள். மூன்றாவதுதான் நிலைத்தது. எங்கள் தெருவில் வேலை செய்யும் ஆசாரியிடம், மூன்றடிக்கு இரண்டடி, தரையிலிருந்து ஆறு அங்குலம் உயரம், பழைய தேக்குச் சட்டம், பருத்தி நாடா பின்னியது என்று வரைந்து கொடுத்தேன். "நாய்க்கா கட்டிலு?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு அவரே நேரில் வந்து அவள் சுருண்டு படுக்கும் அகலத்தை அளந்துகொண்டு போனார். கூலியும் நாடாவும் சேர்த்து 2,800 ரூபாய் ஆனது. அடியில் காற்று ஓடுவதால் மே மாதத்திலும் அதிலேயே தூங்குகிறாள். அடியில் பெருக்குவதும் எளிது. கூடத்தில் இருக்கும் பொருட்களிலேயே பார்க்க அழகானது அதுதான். நாடா இரண்டு வருடத்துக்கு ஒரு முறை தளர்ந்துவிடும், இழுத்துப் பின்ன வேண்டும்.

சாப்பாட்டுத் தட்டு, தண்ணீர்க் கிண்ணம்: அடி கனமான எவர்சில்வர். வேறு எதையும் யோசிக்கவே வேண்டாம். கழுத்துப் பட்டை தோலில் வாங்கினேன், ஐப்பசி மழையில் பூஞ்சை பிடித்தது. இப்போது பருத்தியும் நைலானும் கலந்த பட்டை, வாசல் கதவருகே பித்தளைக் கொக்கியில் தொங்குகிறது.

செடிகளில்தான் நான் பயந்துபோனேன். வீடு முழுக்க மணி பிளான்ட் வைத்திருந்தேன். அதன் இலையில் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு, கடித்தால் வாய் எரிந்து எச்சில் கொட்டும். குட்டியாக இருந்தபோது சுக்குவுக்கு ஒரு நாள் அப்படியே நடந்தது. மாலைக்குள் சரியாகிவிட்டது. எல்லாக் கொடியையும் அக்கா வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, அரிக்கா பனையும் ஸ்பைடர் பிளான்டும் வைத்தேன். இரண்டும் நாய்க்குத் தீங்கில்லாதவை. குட்டிப் பனை போலத் தெரியும் சைக்கஸ் செடி மட்டும் நாய் இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம், அது கல்லீரலைக் கெடுத்து உயிரையே எடுக்கும். வாடைக்குப் பயன்படுத்திய அந்துருண்டை, ஃபினாயில், டீ ட்ரீ எண்ணெய் மூன்றும் நாய்க்கு ஆகாது, அவற்றையும் நிறுத்தினேன். வாரச் சலவையும் வெயிலும் போதுமானதாக இருக்கின்றன.

பால்கனியில் ஒரு மூலையில் தேங்காய் நார் விரிப்பு போட்டு, அவசரத்துக்கு அங்கே போகப் பழக்கியிருந்தேன். ஆறு மாதம் ஆனது, பொறுமையே போய்விட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தெருவில் தண்ணீர் நின்றது, கரண்டும் இல்லை. கீழே இறங்கவே முடியாத அந்த நாட்களில் அந்த ஒரு விரிப்புதான் எங்களைக் காப்பாற்றியது.

லிஃப்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். "ஏம்மா, லிஃப்ட்ல மட்டும் வேண்டாமே" என்றார் சங்கத்துச் செயலாளர். இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலை அச்செடுத்துக் கொடுத்தேன். வளர்ப்பு நாய்களை லிஃப்டில் தடை செய்யக் கூடாது என்று அதில் இருக்கிறது. கூடவே மாநகராட்சி உரிமம், ரேபிஸ் தடுப்பூசிச் சான்று இரண்டின் நகலையும் வைத்தேன். அதோடு பேச்சு முடிந்தது. ஆனாலும் லிஃப்டில் யாராவது தயங்கி நின்றால் நாங்கள் படியில் இறங்கிவிடுகிறோம். பயம் உள்ளவர்களிடம் காகிதத்தை நீட்டி என்ன பயன்?

நான்கு வருடத்தில் எனக்குத் தீர்வே கிடைக்காத ஒன்று தீபாவளி. தடித்த திரை இரண்டு அடுக்கு போட்டேன், ஜன்னல் இடுக்குகளை அடைத்தேன், மின்விசிறியை வேகமாக ஓட விட்டேன். எங்கள் காதுக்குச் சத்தம் குறைந்தது, அவளுக்குக் குறையவில்லை. கடைசியில் அவளே ஓர் இடத்தைக் கண்டுபிடித்தாள். குளியலறை, வெளிச்சுவர் இல்லாத மூலை. அம்மாவின் பழைய ஜமுக்காளத்தில் பிரிந்துபோன ஓரத்தை வெட்டியபோது ஒரு துண்டு மிஞ்சியது. அதை அங்கே விரித்துவிட்டு, கதவைப் பாதி சாத்தி, நானும் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருப்பேன். இந்த வருடத்துக்கும் அந்தத் துண்டைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன்.