குறுக்குப் பெருக்கலா, மீ.சி.ம.வா? பின்னக் கூட்டலில் எது கைகொடுக்கும்

சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணைக்குச் சாயங்காலமானால் ஏழெட்டுப் பிள்ளைகள் படிக்க வருவார்கள். ஆறாம் வகுப்பில் வேற்றினப் பின்னம், அதாவது கீழ் எண்கள் வெவ்வேறாக உள்ள பின்னங்கள், தொடங்கியதும் எல்லார் நோட்டிலும் ஒரே குழப்பம்தான். பள்ளியில் கீழ் எண்களுக்கு மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) எடுக்கச் சொல்கிறார்கள். வீட்டில் அண்ணன்காரன், "குறுக்கே பெருக்கு, முடிஞ்சுது" என்கிறான்.

முதலில், போட்டியிலேயே சேர்க்கக் கூடாத வழி ஒன்று உண்டு. மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டி, 1/4 + 1/6 = 2/10 என்று எழுதுவது. இப்படி எழுதும் பிள்ளையைத் திட்டாதீர்கள். அதே மாதிரி 1/2 + 1/2 போடச் சொல்லுங்கள், 2/4 வரும். அதாவது மறுபடியும் அரை. அரை கிலோ ஏற்காட்டுக் காபித்தூளோடு இன்னோர் அரை கிலோவைக் கொட்டினால் அரை கிலோவாகவே நிற்குமா? கேட்டதும் தானே அடித்துவிடும்.

இனி உண்மையான போட்டி. 1/3 + 2/5 என்ற கணக்கில் குறுக்கே பெருக்கினால் 1 × 5 = 5, 2 × 3 = 6 வரும், கூட்டினால் 11. கீழே 3 × 5 = 15. விடை 11/15. பகுதிகளுக்கு, அதாவது கீழ் எண்களுக்கு, 1 தவிர வேறு பொதுக் காரணி இல்லாத இடத்தில் இதைவிட வேகமான வழி கிடையாது. மீ.சி.ம. எடுத்தாலும் அதே 15தான்.

5/12 + 7/18 என்று வரட்டும். குறுக்கே பெருக்கினால் 90 + 84 = 174, கீழே 216. தப்பில்லை, ஆனால் சுருக்க வேண்டும். இரண்டால் வகுத்து 87/108 வந்ததும் பாதிப் பிள்ளைகள் நிறுத்திவிடுகிறார்கள். 29/36 வரை போவது சிலர்தான். மீ.சி.ம. 36 என்று எடுத்தவருக்கு 15/36 + 14/36, நேராக 29/36. மூன்று பின்னங்கள் வந்தால் வித்தியாசம் இன்னும் கூடும். 1/4 + 1/6 + 1/8 கணக்கில் பகுதிகளையெல்லாம் பெருக்கினால் 192, மீ.சி.ம. வெறும் 24. பத்தாம் வகுப்பில் விகிதமுறு கோவைகள் வரும்போது, எண்ணுக்குப் பதில் எழுத்தை வைத்துக் குறுக்கே பெருக்கிய பிள்ளை ஒரு பக்கம் முழுக்க விரித்துக்கொண்டிருக்கும். 9-ஆம் நூற்றாண்டிலேயே சமணக் கணிதர் மகாவீராசாரியார் இந்த மீச்சிறு பொது மடங்குக்கு 'நிருத்தம்' என்று பெயர் வைத்துப் பின்னக் கூட்டலுக்குப் பயன்படுத்தியிருக்கிறார்.

என் மனக்குறை பெரிய எண்ணைப் பற்றியதல்ல. ஏன் குறுக்கே பெருக்குகிறோம் என்று கேட்டால் ஒரு பிள்ளைக்கும் பதில் தெரிவதில்லை. மீ.சி.ம. போடும் பிள்ளைக்கும் பல சமயம் தெரிவதில்லை. அதனால் நான் இரண்டுக்கும் முன்னால் காகிதத்தை வைக்கிறேன். பழைய காலண்டர் தாளிலிருந்து 24 செ.மீ. நீளத் துண்டு ஒன்று. அதில் கால் பங்கு 6 செ.மீ., ஆறில் ஒன்று 4, அரைக்கால் 3. அந்த அளவுக்கு வெட்டிய மூன்று துண்டுகளையும் ஸ்கேல் ஓரமாக வரிசையாக ஒட்டினால் 13-இல் வந்து நிற்கும். 13/24. இங்கே பிள்ளை கூட்டியது காலையும் ஆறில் ஒன்றையும் அல்ல, ஒரே அளவுள்ள செ.மீ. துண்டுகளை. பொதுப் பகுதி என்பது அவ்வளவுதான்.

நம் பழைய அளவுகளிலும் இதே வேலைதான் நடந்திருக்கிறது. அரை, கால், அரைக்கால், வீசம், மா, காணி எல்லாமே முந்திரியின், அதாவது 1/320-இன், மடங்குகள். வீசம் 20 முந்திரி, மா 16, காணி 4. பொதுப் பகுதியைத் தேட வேண்டியதே இல்லை. மூன்றில் ஒரு பங்கை மட்டும் அதில் சரியாகச் சொல்ல முடியாது, 320 மூன்றால் வகுபடாதே!

வேகமும் வேண்டும், பெரிய எண்ணும் வேண்டாம் என்பவர்களுக்கு நான் சொல்லித்தருவது நடுவழி. அதே 5/12 + 7/18 கணக்கில் 12, 18 இரண்டின் மீ.பெ.கா. (மீப்பெரு பொதுக் காரணி) 6. அதால் வகுத்தால் 2, 3. இப்போது குறுக்கே பெருக்குங்கள்: 5 × 3 + 7 × 2 = 29. கீழே 12 × 3 = 36. கூட்டியபின் ஒருமுறை சுருங்குமா என்று பார்த்துவிட்டால் போதும். தேர்வுக்கு இதைத்தான் நான் பரிந்துரைப்பேன், ஆனால் காகிதம் வெட்டிப் பார்த்த பிறகு.

நேற்று இதே கணக்கைக் கொடுத்தேன். ஒருத்தி பேனாவையே எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மிஸ், இதுக்கு 36 செ.மீ. துண்டு வேணும், ஸ்கேலு 30 தானே இருக்கு?" என்றாள்.